தம்பியோட பிரெஞ்ச் புக்கை காதுக்கும் விரலுக்கும் மாத்தினது

தம்பி பிரெஞ்ச் கிளாஸ்ல சேர்ந்து மூணாவது வாரம். பக்கத்து ரூம்ல அவன் பாடம் படிச்சிட்டு இருந்தான், திரைல இருக்கறத வாசிச்சுக் காட்டற ஸ்க்ரீன் ரீடர் குரல் "இல்ஸ் பார்லென்ட்"னு சொல்லுது, அவனும் கூடவே "இல்ஸ் பார்லென்ட்"னு திரும்பத் திரும்ப சொல்லிப் பாக்குறான். எனக்கு காலேஜ்ல படிச்ச பிரெஞ்ச் கொஞ்சம் ஞாபகம் இருக்கு, அது "ஈல் பார்ல்", அவ்ளோதான். கடைசி மூணு எழுத்துக்கு சத்தமே கிடையாது. உள்ள போய் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான், அப்புறம் "அப்போ இந்த மூணு வாரமா மனப்பாடம் பண்ணது எல்லாமே தப்பாக்கா?"ன்னு கேட்டான். அந்த கேள்விதான் அவன் புக்க காதாலயும் விரலாலயும் படிக்கற மாதிரி மாத்தற இந்த வேலைய ஆரம்பிக்க வச்சுது, நாலு மாசம் ஆச்சு, இன்னும் முடியல. இதே மாதிரி யாராவது பண்ண வேண்டி வந்தா நான் சுத்தின இடத்துல எல்லாம் அவங்களும் சுத்த வேண்டாம்னுதான் எழுதுறேன்.

அவனப் பத்தி கொஞ்சம். பிறந்ததுலேர்ந்து பார்வை இல்ல. விண்டோஸ் லேப்டாப்ல என்விடிஏங்கற ஸ்க்ரீன் ரீடர் வச்சு படிக்கிறான், இது இலவசம், மைக்கேல் கரன்ங்கற பார்வையில்லாத ஆஸ்திரேலிய புரோகிராமர் 2006ல ஆரம்பிச்சது. இங்கிலீஷ் ப்ரெயில, பல வார்த்தைய ஒரே குறில எழுதற சுருக்கெழுத்தோட, வேகமா படிப்பான். 20 செல் ப்ரெயில் டிஸ்ப்ளே ஒண்ணு இருக்கு, அதாவது ஒரு நேரத்துக்கு 20 எழுத்து புள்ளியா மேல எழும்பும், விரலால தடவிப் படிக்கலாம். ஆக சாதனம் எல்லாம் கையில இருந்துச்சு, குறை எதுல இருந்துச்சுன்னா புக்குல.

கிளாஸ்ல குடுத்த பாடம் ஸ்கேன் பண்ண பிடிஎஃப், வெறும் படம். யாரோ நல்ல மனசோட அத ஓசிஆர் பண்ணி, அதாவது படத்துலேர்ந்து எழுத்த எடுத்து, டெக்ஸ்ட் ஃபைலா அனுப்பியிருந்தாங்க. ஆனா இங்கிலீஷ் செட்டிங்லயே ஓட்டியிருக்காங்க, அதனால எழுத்துக்கு மேல இருக்கற குறி பாதி காணோம், சில இடத்துல அக்யூட், அதாவது மேல வலப்பக்கம் சாஞ்ச கோடு, போட்ட ஈ (é) எழுத்து 6ன்னு வந்திருந்துச்சு. நான் மறுபடி முதல்லேர்ந்து 300 டிபிஐல ஸ்கேன் பண்ணி டெசராக்ட்ங்கற ஓசிஆர் புரோகிராம்ல ஓட்டினேன். டெசராக்டுக்கு ஒவ்வொரு மொழிக்கும் தனி டேட்டா ஃபைல் இருக்கு, பிரெஞ்சோடத இறக்கி வச்சு, ஓட்டும்போது மொழி பிரெஞ்ச்னு சொல்லணும், பக்கத்துல இங்கிலீஷும் கலந்து இருந்தா ரெண்டையும் ப்ளஸ் குறி போட்டு சேத்து குடுக்கலாம். வித்தியாசம் முதல் பக்கத்துலயே தெரிஞ்சுது. இன்னொண்ணு, ரெண்டு நெடுவரிசையா அச்சடிச்ச பக்கத்த அப்படியே குடுக்காதீங்க, இடது பக்க உரையாடலும் வலது பக்க சொல் பட்டியலும் வரிக்கு வரி பின்னிக்கிட்டு வந்துடும். ஒவ்வொரு நெடுவரிசையா வெட்டி தனித்தனி படமா குடுத்தேன். மெதுவான வேலைதான், ஆனா பின்னாடி பிரிச்சு அடுக்குறத விட இது எவ்வளவோ மேல்.

சரி, சுத்தமான டெக்ஸ்ட் கிடைச்சாச்சு, ஆனா குரல் இன்னும் "பார்லென்ட்"தான். ஏன்னா டெக்ஸ்ட் ஃபைலுக்கு தான் என்ன மொழின்னு சொல்ல வழியே இல்ல, எல்லா மொழியும் அதுக்கு ஒரே எழுத்து வரிசைதான். என்விடிஏல ஸ்பீச் செட்டிங்ஸ்ல தானா மொழி மாத்துற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, டிக் போட்டும் இருந்துச்சு, ஆனா அது பாக்குறது டாக்குமெண்ட்ல மொழி குறிப்பு இருக்கான்னுதான். வெப் பேஜ்ல அதுக்கு பேரு லாங் ஆட்ரிப்யூட். பேஜ் முழுசுக்கும் ஒரு மொழி சொல்லலாம், நடுவுல ஒரு வாக்கியத்துக்கு, ஒரே ஒரு வார்த்தைக்கு கூட வேற மொழின்னு சொல்லலாம். வெப் அணுகல் விதிகள்ல கூட இது இருக்கு, டபிள்யூசிஏஜில 3.1.1 பேஜோட மொழிக்கு, 3.1.2 பகுதிகளோட மொழிக்கு. சாதாரண வெப்சைட்டுக்கு இது ஒரு சின்ன ஒழுக்கம். மொழி கத்துக்கற ஒருத்தனுக்கு இதுதான் மொத்த புக்கே.

அதனால எல்லாத்தையும் வெப் பேஜ் எழுதற ஹெச்டிஎம்எல்லா மாத்தறதுன்னு முடிவு பண்ணேன். கையால டேக் போட ஆரம்பிச்சு ரெண்டு பக்கத்துலயே கை விட்டுப் போச்சு. அப்புறம் பாண்டாக்னு ஒரு டூல், இலவசம், சின்னச் சின்ன குறி போட்டு எழுதற மார்க்டவுன் டெக்ஸ்ட்ட ஹெச்டிஎம்எல், ஈபப்னு எதா வேணா மாத்தித் தரும். அதுல பிரெஞ்ச் வார்த்தைய சதுர அடைப்புக்குறிக்குள்ள போட்டு, ஒட்டினாப்ல சுருள் அடைப்புக்குறிக்குள்ள லாங் சமம் எஃப்ஆர்னு எழுதினா போதும், மீதிய அது பாத்துக்கும். முழு உரையாடலும் பிரெஞ்ச்னா, மேலயும் கீழயும் மூணு முக்காற்புள்ளி வரி போட்டு மொத்த பத்திக்கும் ஒரே தடவ சொல்லிடலாம். பேஜோட மொழி தமிழ், ஏன்னா விளக்கம் எல்லாம் நான் தமிழ்ல எழுதினேன், உள்ள இருக்கற பிரெஞ்ச் எல்லாம் குறிச்சது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பெரிய தலைப்பு, உரையாடல், சொல்பட்டியல், இலக்கணம், பயிற்சி எல்லாத்துக்கும் அடுத்த லெவல் தலைப்பு. ஹெச் கீய தட்டினா அடுத்த தலைப்புக்கு தாவிடுவான். பார்வை இருக்கறவங்க பக்கத்த புரட்டி கண்ணால தேடுவாங்க, அவனுக்கு தலைப்புதான் புரட்டறது. இதுல சோம்பேறித்தனம் பண்ணவே கூடாது.

குரல் எதுன்னு ஒரு வாரம் பாத்தோம். என்விடிஏகூடவே வர்ற ஈஸ்பீக் நூத்துக்கும் மேல மொழி பேசும், தமிழ் உட்பட, வேகமா வச்சாலும் தெளிவா இருக்கும், அவனுக்கு பல வருஷப் பழக்கம். ஆனா அது கம்ப்யூட்டர் கணக்கு போட்டு உருவாக்குற ஒலி, பிரெஞ்ச் மூக்கொலிய கேட்டு பழக அது போதல. விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஸ்பீச் பகுதில பிரெஞ்ச் குரல் சேத்துக்கலாம், ஜூலின்னு ஒரு குரல் இருக்கு, அத சேத்து என்விடிஏல சிந்தசைசர விண்டோஸ் ஒன்கோர்னு மாத்தினோம். அப்புறம் முதல் பாடத்த திறந்தோம், தமிழ் விளக்கம் தமிழ் குரல்ல, பிரெஞ்ச் வரி வந்ததும் தானா பிரெஞ்ச் குரல். "ஈல் பார்ல்." அவன் அந்த ஒரு வரியையே எத்தன தடவ கேட்டான்னு எண்ணல.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன், ஆனா உண்மையான பிரச்சனையே இனிமேதான்.

ஒரு வாரம் கழிச்சு டிக்டேஷன் வச்சேன். "பார்ல்"னு சொன்னேன், எழுதுன்னேன். எப்படி எழுதுவான்? நான் பேசுறேன், நீ பேசுற, அவங்க பேசுறாங்க, இந்த மூணுக்கும் பிரெஞ்ச்ல வேற வேற ஸ்பெல்லிங், மூணுக்கும் ஒரே சத்தம். "பார்லே"ன்னா அது இன்னும் மோசம், பேசுறதுங்கற வினைச்சொல்லோட மூல வடிவம், பேசினங்கற இறந்தகால வடிவம், நீங்க பேசுறீங்க, எல்லாம் "பார்லே". "ஊ"ன்னா அல்லதுன்னும் அர்த்தம், எங்கன்னும் அர்த்தம், எழுதும்போது யூ மேல ஒரு க்ரேவ் குறி, அதாவது இடப்பக்கம் சாஞ்ச கோடு (ù), இருந்தா எங்க, இல்லனா அல்லது. கண்ணால படிக்கறவங்களுக்கு இத தனியா யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, நூறு தடவ பக்கத்துல பாத்து தானா மண்டைல ஏறிடும். குரல் மட்டும் கேக்கறவனுக்கு அந்த நூறு தடவையும் ஒரே "ஊ"தான். எவ்வளவு நல்ல குரல் வச்சாலும் சரி, இன்னும் சொல்லப்போனா குரல் எவ்வளவு சரியா உச்சரிக்குதோ அவ்வளவுக்கு எழுத்து மறைஞ்சு போகுது. முதல் மூணு வாரம் தப்பா "பார்லென்ட்"னு கேட்டப்ப, அவனுக்கு குறைஞ்சது கடைசில என்ன எழுத்துன்னு தெரிஞ்சிருந்துச்சு!

முதல்ல எழுத்து எழுத்தா அம்புக்குறி கீல நகந்து கேக்க சொன்னேன். அதுல ஒரு சிக்கல் வந்துச்சு, பிரெஞ்ச்னு குறிச்ச இடத்துல எழுத்தோட பேரையும் பிரெஞ்ச்லதான் சொல்லும். பிரெஞ்ச்ல ஜீ எழுத்தோட பேரு ஏறக்குறைய "ஜே", ஜே எழுத்தோட பேரு "ஜி". இங்கிலீஷ் பழகினவனுக்கு அப்படியே தலைகீழ். "அக்கா, நான் கேட்டத அப்படியேதான் டைப் பண்ணேன்"னான், உண்மைதான், கேட்டத அப்படியே பண்ணதுதான் தப்பா போச்சு. ரெண்டு நாள் பிரெஞ்ச் எழுத்துப் பேர் மட்டும் பாட்டு மாதிரி சொல்ல வச்சேன், சரியாச்சு. ஆனா ஒரு வாக்கியத்த எழுத்து எழுத்தா கேட்டுப் படிக்கிறது படிப்பே இல்ல, யாருக்கும் பொறுமை இருக்காது. விரலுக்கு வரணும்.

ப்ரெயில் டிஸ்ப்ளேய மாட்டினோம். முதல் வார்த்தை "எத்தே", கோடைக்காலம். விரல வச்சான், "ஃபார் டீ ஃபார்னு இருக்கு"ன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. அடுத்த வார்த்தை அப்பாங்கறதுக்கான "பேர்", அதுல "பீ, த, ஆர், ஈ"ன்னான். எங்கங்கற "ஊ"வுக்கு "ஓ வித்"ன்னான். அப்புறம் உக்காந்து புள்ளிய எண்ணிப் பாத்தா விஷயம் ரொம்ப அழகா இருந்துச்சு. லூயி ப்ரெயில் பிரெஞ்சுக்காரர், 1829ல தன் முறைய வெளியிட்டார், அவர் பண்ணது தன் மொழிக்கு, அதனால குறி போட்ட எழுத்துக்கு எல்லாம் தனித்தனி செல் குடுத்திருந்தார். ஒரு செல்லுல ஆறு புள்ளி, இடப்பக்கம் மேலேர்ந்து கீழ 1 2 3, வலப்பக்கம் 4 5 6. அக்யூட் போட்ட ஈக்கு ஆறு புள்ளியும், அதாவது 1 2 3 4 5 6 மொத்தமும். க்ரேவ் போட்ட ஈக்கு 2 3 4 6. க்ரேவ் போட்ட ஏக்கு 1 2 3 5 6, க்ரேவ் போட்ட யூக்கு 2 3 4 5 6, செடில்லாங்கற வால் கீழ போட்ட சீக்கு (ç) 1 2 3 4 6. இங்கிலீஷ்ல இந்த குறி எதுவும் வேண்டியதில்ல, அதனால அதே செல்கள சுருக்கெழுத்துல ஃபார், த, ஆஃப், வித், அண்ட்னு அஞ்சு வார்த்தைக்கு குடுத்துட்டாங்க. தம்பியோட விரல் பத்து வருஷமா அந்த செல்கள இங்கிலீஷ் வார்த்தையா படிச்சு பழகினது.

இன்னொண்ணும் அவனுக்கு ரொம்ப பிடிச்சுது. ப்ரெயில்ல டபிள்யூ மட்டும் வரிசைல சேராம தனியா நிக்குதே ஏன்னு சின்ன வயசுலேர்ந்து அவனுக்கு கேள்வி இருந்திருக்கு. அந்த காலத்து பிரெஞ்ச் எழுத்து வரிசைல டபிள்யூ இல்ல, பின்னாடி சேத்தது, அதான். வி-க்கு அப்புறம் எக்ஸ், ஒய், இசட், உடனே செடில்லா சீ, அக்யூட் ஈ, அப்புறம் க்ரேவ் போட்ட ஏ, ஈ, யூன்னு வரிசை போகும். முதல் பத்து எழுத்தோட புள்ளிக்கு கீழ 3ஆம் 6ஆம் புள்ளி சேத்தா இந்த வரிசை. அடுத்த வரிசைக்கு 6 மட்டும் சேக்கணும், அதுல தொப்பி மாதிரி இருக்கற சிர்கம்ஃப்ளெக்ஸ் குறி எல்லாம் வருது. "அப்போ நான் படிக்கறது முதல்ல பிரெஞ்சுக்கு பண்ணதுதானா"ன்னு கேட்டான். அன்னிக்கு ராத்திரி தூங்காம அந்த வரிசைய முழுசா மனப்பாடம் பண்ணிட்டு காலைல எனக்கு ஒப்பிச்சான்.

இங்கிலீஷ் ப்ரெயில்லயே பிரெஞ்ச் வார்த்தை எழுத ஒரு வழி இருக்கு, குறிக்கு தனியா ரெண்டு செல், அப்புறம் எழுத்து. அக்யூட் போட்ட ஒரே ஈக்கு மூணு செல் போயிடும். 20 செல் டிஸ்ப்ளேல அது பெரிய நஷ்டம், வார்த்தையோட உருவமும் விரல்ல நிக்காது. நடுவுல ஒண்ணு ரெண்டு பிரெஞ்ச் சொல் வர்ற இங்கிலீஷ் கட்டுரைக்கு அது போதும், மொழியே கத்துக்கறவனுக்கு அந்த மொழிக்காரங்க படிக்கற ப்ரெயில்தான் வேணும்னு எனக்கு உறுதியா தோணுது. நாளைக்கு பிரெஞ்ச் ப்ரெயில் புத்தகம் ஒண்ணு கைக்கு கிடைச்சா படிக்க முடியணும் இல்லையா.

இப்போ கருவிய அதுக்கு தயார் பண்ணணும். குரல் மாதிரி ப்ரெயில் வார்த்தைக்கு வார்த்தை தானா மாறாது, செட்டிங்ஸ்ல ஒரு நேரத்துக்கு ஒரு ப்ரெயில் டேபிள்தான். லிப்லூயிங்கற ஓப்பன் சோர்ஸ் மொழிமாற்றிலேர்ந்து வர்ற டேபிள்கள் அதுல வரிசையா இருக்கும், பிரெஞ்சுக்கு ஆறு புள்ளி, சுருக்கெழுத்து இல்லாதது ஒண்ணு இருக்கு, அதத்தான் எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் செட்டிங்ஸுக்கு போய் மாத்திட்டு இருந்தா படிப்பு ஓடாது. அதுக்கு கான்ஃபிகரேஷன் ப்ரொஃபைல்னு ஒரு வசதி, ஒரு அப்ளிகேஷனுக்குள்ள நுழைஞ்சதும் தானா வேற செட்டிங்ஸ் ஏறும். நாங்க பண்ணது, தமிழ் விளக்கம் இருக்கற பக்கம் க்ரோம்ல, முழுக்க பிரெஞ்ச் மட்டும் இருக்கற பக்கம் ஃபயர்ஃபாக்ஸ்ல. ஃபயர்ஃபாக்ஸ திறந்து வச்சுகிட்டு என்விடிஏ கீ (இன்சர்ட்), கண்ட்ரோல், பீ (P) அழுத்தினா ப்ரொஃபைல் ஜன்னல் வரும், புதுசு ஒண்ணு போட்டு இந்த அப்ளிகேஷனுக்கு மட்டும்னு தேர்ந்தெடுத்தோம். அப்புறம் ப்ரெயில் அவுட்புட் டேபிள், இன்புட் டேபிள் ரெண்டையும் பிரெஞ்சா மாத்தணும். இன்புட்ட நான் மறந்துட்டேன், டிஸ்ப்ளேல இருக்கற கீல எழுதினப்ப மறுபடி ஃபாரும் வித்தும் வந்துச்சு. செட்டிங்ஸ் ஜன்னலோட டைட்டில்லயே எந்த ப்ரொஃபைல மாத்திட்டு இருக்கோம்னு சொல்லும், அத கேக்காம நான் ஒரு தடவ க்ரோம்ல நின்னுகிட்டு நார்மல் ப்ரொஃபைலையே மாத்திட்டேன், அவனோட இங்கிலீஷ் எல்லாம் அன்னிக்கு கெட்டுப்போச்சு. கண்ட்ரோலோட என்விடிஏ கீ, சீ அழுத்தி சேவ் பண்றதையும் விட்டுடாதீங்க. இப்போ ஆல்ட் டேப் தட்டினா போதும், விரலுக்கு அடில மொழி மாறுது.

அடுத்தது பயிற்சிகள். புக்குல கோடிட்ட இடம் நிறைய, கோடு இருக்கற இடத்துல ஸ்க்ரீன் ரீடர் கோட்ட எண்ணிச் சொல்லும் இல்ல சத்தமில்லாம தாண்டிடும், ரெண்டும் உபயோகமில்ல. அதனால ஒவ்வொரு கோட்டுக்கும் பதிலா ஒரு எடிட் பாக்ஸ் வச்சேன், ஈ கீ தட்டினா அடுத்த பாக்ஸ். பாக்ஸுக்கு லேபிள் வைக்கணும், நான் ஆசையா முழு வாக்கியத்தையும் தமிழ் பாதி பிரெஞ்ச் பாதியா லேபிள்ல போட்டேன், எல்லாம் ஒரே குரல்ல வந்துச்சு. லேபிளுக்குள்ள மொழி குறிப்பு தங்காது, அது வெறும் டெக்ஸ்ட்டாதான் ஸ்க்ரீன் ரீடருக்கு போகும். அப்புறம் வாக்கியத்த மேல தனியா பிரெஞ்ச்னு குறிச்சு எழுதி, வெற்றிடத்துல "புள்ளி புள்ளி"க்கு பதிலா ஒரு நட்சத்திரம் வச்சு, லேபிள்ல "கேள்வி 3"ன்னு மட்டும் போட்டேன். புக்குல வினைச்சொல்லோட முடிவு மட்டும் சிவப்பு நிறத்துல இருந்துச்சு, அதயும் தனி வரில எழுத்து எழுத்தா எழுத வேண்டி இருந்துச்சு. வார்த்தைக்கு நடுவுல ஹைஃபன் போட்டு பிரிச்சு காட்டலாம்னு பாத்தேன், குரல் ரெண்டா உடைச்சு படிச்சு உச்சரிப்ப கெடுத்துடுச்சு.

விடை சரியான்னு பாக்க சின்னதா ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன், சரின்னா "சரி", தப்புன்னா எத்தனாவது எழுத்துன்னு சொல்லும், நிறத்துல இல்ல, வார்த்தையா, ஸ்க்ரீன் ரீடர் உடனே வாசிக்கற லைவ் ரீஜன்ல. அன்னிக்கு நான் வெளிய போயிட்டு வந்து பாத்தா தம்பி அதே கேள்விலயே உக்காந்திருக்கான். "எத்தே"ன்னு எழுதணும், எழுதியிருக்கான், பக்கம் தப்புங்குது. முதல் எழுத்து தப்புங்குது. அழிச்சு, எழுதி, அழிச்சு, எழுதி, முக்கால் மணி நேரம். அவன் குரல் உடைஞ்சிருந்துச்சு. "எனக்கு இந்த குறி இன்னும் வரலக்கா"ன்னான். நான் திரைய பாத்தேன், எழுத்து சரியா இருக்கு. அவன் எழுதினதும் விடைப் பட்டியல்ல இருக்கறதும் பாக்க ஒண்ணுபோல இருக்கு.

கண்டுபிடிச்சது அவன்தான். என்விடிஏல எழுத்து எழுத்தா ஆராயறதுக்கான ரிவ்யூ கர்சர் ஒரு எழுத்து மேல இருக்கும்போது, நம்பர் பேட்ல 2ஐ மூணு தடவ வேகமா தட்டினா அந்த எழுத்தோட யூனிகோட் எண்ண, அதாவது கம்ப்யூட்டர் அந்த எழுத்துக்கு வச்சிருக்கற எண்ண, சொல்லும். அவன் எழுதினது 233. விடைப் பட்டியல்ல இருந்தது 101, அடுத்து 769. அதாவது நான் விடைகள வேற ஒரு பிடிஎஃப்லேர்ந்து காப்பி பண்ணியிருந்தேன், அதுல அக்யூட் ஈங்கறது ஒரே எழுத்தா இல்லாம, வெறும் ஈயும் அதுக்கு மேல ஒட்டிக்கற குறியும்னு ரெண்டா இருந்துச்சு. கண்ணுக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. யூனிகோட்ல ரெண்டுமே செல்லும். ஒப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு கொண்டு வரணும், ஜாவாஸ்கிரிப்ட்ல நார்மலைஸ்னு ஒரு ஃபங்ஷன், என்எஃப்சின்னு குடுத்தா ஒட்டினதெல்லாம் ஒரே எழுத்தாயிடும். ஒரு வரி மாத்தம். அந்த ஒரு வரி இல்லாததால சரியா எழுதினவன் முக்கால் மணி நேரம் தனக்கு வரலன்னு நம்பிட்டு இருந்தான், அது இன்னும் மனச உறுத்துது. பாடம் தயார் பண்றவங்க யாரா இருந்தாலும், மொத்த டெக்ஸ்ட்டையும் முதல் நாளே என்எஃப்சிக்கு மாத்திடுங்க. பிரிஞ்ச வடிவத்துல இருந்தா ப்ரெயில் டேபிளும் அந்த தனி செல்ல சரியா எடுக்கும்னு சொல்ல முடியாது.

குறி போட்ட எழுத்த டைப் பண்றதுக்கு ஆல்ட் அழுத்திட்டு நம்பர் பேட்ல 0233ங்கற வழி முதல்ல பாத்தோம், நம்பர் பேட அவன் ரிவ்யூவுக்கு வச்சிருக்கறதால நம்லாக் போட்டு போட்டு எடுக்க வேண்டி வந்துச்சு, விட்டுட்டோம். விண்டோஸ்ல யூஎஸ் இன்டர்நேஷனல்ங்கற கீபோர்ட் லேஅவுட்தான் ஒத்து வந்துச்சு. அபாஸ்ட்ரஃபி தட்டி ஈ தட்டினா அக்யூட், அபாஸ்ட்ரஃபி தட்டி சீ தட்டினா செடில்லா. முதல் கீ தட்டும்போது எழுத்து எதுவும் விழாது, சத்தமும் வராது, அது முதல்லயே தெரிஞ்சிருக்கணும், இல்லனா கீபோர்ட் வேலை செய்யலன்னு ரெண்டு தடவ தட்டிடுவாங்க. வெறும் அபாஸ்ட்ரஃபி வேணும்னா கூட ஸ்பேஸ் தட்டணும்.

கேட்டல் பயிற்சிக்கு புக்கோட வந்த ஆடியோ ஒரு பாடத்துக்கு ஒரே நீள ஃபைல். ஆடாசிட்டிங்கற ஆடியோ எடிட்டர்ல ஓடவிட்டு ஒவ்வொரு வாக்கியம் தொடங்கும்போதும் கண்ட்ரோல் எம் தட்டி லேபிள் வச்சு, மொத்தமா துண்டு துண்டா எக்ஸ்போர்ட் பண்ணேன். இத இப்போ அவனே பண்றான், ஆடாசிட்டி கீபோர்ட்லயே முழுசா ஓடும். டெம்போவ மட்டும் குறைச்சு ஒரு காப்பியும் வச்சோம், சுருதி மாறாம மெதுவா வரும். ஆடியோவும் ஸ்க்ரீன் ரீடரும் ஒண்ணா பேசி அடிச்சுக்கறதுதான் தொல்லை, கேக்கற நேரத்துல என்விடிஏ கீயோட எஸ் தட்டி பேச்ச நிறுத்திட்டு, ப்ரெயில்ல வாக்கியத்த தடவிகிட்டே மனுஷக் குரல கேப்பான். காதுல சத்தம், விரல்ல எழுத்து, ரெண்டும் ஒரே நேரத்துல. கண்ணுள்ளவங்க சப்டைட்டில் வச்சு பாக்குற மாதிரி. இந்த ஒரு பழக்கம் வந்ததுக்கு அப்புறம்தான் டிக்டேஷன்ல "ஊ" சரியா விழ ஆரம்பிச்சுது.

கம்ப்யூட்டர் தீக்காத விஷயமும் இருக்கு. "தூ"ங்கற நீ, "தூ"ங்கற எல்லாம், தமிழ்ல எழுதினா ஒண்ணுதான், பிரெஞ்ச்ல ரெண்டு வேற உயிர். முதலாவதுக்கு நாக்கு ஈ சொல்ற இடத்துல இருக்கணும், உதடு மட்டும் ஊ மாதிரி குவியணும். டீச்சர் கிளாஸ்ல உதட்ட பாருங்கன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. நான் அவன் விரல அவன் உதட்டு மேலயே வைக்க சொல்லி, நீளமா ஈ சொல்லிட்டே இரு, நாக்க அசைக்காம உதட்ட மட்டும் குவின்னேன். மூணாவது முயற்சில வந்துடுச்சு.

படம் பாத்து பதில் சொல்லுங்கற பயிற்சிதான் என்ன ரொம்ப யோசிக்க வச்சுது. மேஜை மேல, கீழ, பின்னாடி, முன்னாடி பொருள் இருக்கற படம். படத்த பிரெஞ்ச்ல விவரிச்சா விடையே அதுதான். தமிழ்ல விவரிச்சா மொழிபெயர்ப்பு பயிற்சியாயிடும், படத்த பாத்து நேரா பிரெஞ்ச் வார்த்தை தோணணும்ங்கற நோக்கமே போச்சு. கடைசில விவரிக்கறதயே விட்டுட்டு, ஒரு அட்டைப்பெட்டி, பேனா, சாவிக்கொத்து எடுத்து மேஜைல வச்சேன். தொட்டுப் பாத்து சொல்லுவான், அப்புறம் நான் பிரெஞ்ச்ல சொல்லுவேன், அவன் எடுத்து வைப்பான். வழி சொல்ற பாடத்துக்கு அட்டைல நூல் ஒட்டி தெருவா பண்ணோம், முட்டுச்சந்துக்கு ஒரு பட்டன். இடப்பக்கம், வலப்பக்கம்னு விரல் அந்த நூல்ல நடந்து போகும்.

இப்போ ஆறாவது பாடம் வரைக்கும் முடிஞ்சிருக்கு. ஏழாவதுல ஒரு குடும்ப மரப் படம் இருக்கு, அத டேபிளா போடறதா, உள்ளுக்குள்ள அடுக்கற லிஸ்ட்டா போடறதான்னு எங்களுக்குள்ள வாக்குவாதம் ஓடுது, அவன் லிஸ்ட்டுங்கறான், லெவல் எண்ண ஸ்க்ரீன் ரீடர் சொல்லும், தலைமுறை புரியும்னு. அனேகமா அவன் சொல்றதுதான் சரி. பாண்டாக் குறி போடறதயும் இப்போ அவனே பாதி பண்றான், பிரெஞ்ச் பத்திக்கு கீழ முக்காற்புள்ளி வரி போட்டு நான் மூட மறந்த இடம் எல்லாம் அவன் காதுக்குதான் முதல்ல மாட்டுது, ஏன்னா அதுக்கப்புறம் வர்ற தமிழும் பிரெஞ்ச் குரல்ல வர ஆரம்பிச்சுடும். நேத்து ராத்திரி பக்கத்து ரூம்லேர்ந்து எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான், என் ஹெட்செட் எங்கன்னு பிரெஞ்ச்ல. எங்கங்கற வார்த்தைல யூ மேல க்ரேவ் இருந்துச்சு.